தீவிரவாத ஆய்வுக்கு நிரல் எழுதப் போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

பல்கலைக்கழகங்களில் கிடைக்கும் பகுதி நேரக் கணினி வேலைகளைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரே வகை வேலையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் முழுவதும் அதற்கே.

கேள்வி: எம்.சி.ஏ. முடித்துவிட்டு ஒரு கடைக்குக் கணக்கு மென்பொருள் பார்த்துக் கொடுத்து வருகிறேன். பல்கலைக்கழகம் ஒன்றின் சமூக அறிவியல் துறையில், தீவிரவாத வன்முறையைக் குறைப்பது பற்றிய ஆய்வுத் திட்டத்துக்கு வாரம் 20 மணி நேரம் நிரல் எழுத ஆள் தேவை என்று அறிவித்திருக்கிறார்கள். எனக்குப் பைத்தான் என்ற கணினி மொழி தெரியும். தீவிரவாதத்தைப் பற்றி நாளிதழில் படிப்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அங்கே என்னதான் செய்யச் சொல்வார்கள்? தீவிரவாதிகளைக் கண்டுபிடிக்கச் சொல்வார்களா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை. ஆளைத் தேடிப் பிடிப்பது காவல் துறையின் வேலை. நீங்கள் சேரப்போகும் இடத்தில் நடப்பது எண்ணும் வேலை. எங்கே, என்றைக்கு, யார், யாரை, எதைக் கொண்டு தாக்கினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை நிகழ்வுக்கு ஒரு வரியாகப் பதிந்து வைப்பார்கள். அப்படிப் பல்லாயிரம் வரிகள் சேர்ந்த பிறகு, எது நடந்தபோது வன்முறை தணிந்தது, எது நடந்தபோது மூண்டது என்று ஆய்வாளர்கள் ஆராய்வார்கள். அந்த வரிகள் பிழையில்லாமல் வந்து சேர வழி செய்வது உங்கள் பங்கு.

இத்துறையில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உள்ள உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம். 1970 முதல் நடந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் அதில் பதிவாகியுள்ளன. அது கணினியில் பிறந்த குழந்தை அல்ல. பிங்கர்ட்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காக 1970 முதல் 1997 வரை அட்டைகளில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பல்கலைக்கழகம் 2001-இல் பெட்டி பெட்டியாக வாங்கி, ஒவ்வோர் அட்டையாகக் கணினியில் ஏற்றி, 2005-இல் அந்தப் பணியை முடித்தது. இதற்கு முன்பே, நிறுவனத்தின் அலுவலகம் இடம் மாறியபோது, 1993-ஆம் ஆண்டின் அட்டைகள் தொலைந்து போயிருந்தன. அதனால் முதன்மைத் தரவில் 1992-க்கு அடுத்தபடியாக 1994 வருகிறது. இது தெரியாமல் வரைபடம் போடுகிறவருக்கு 1993-இல் உலகமே அமைதியாக இருந்ததுபோலத் தோன்றும். காலியாக இருப்பது வேறு, பூஜ்யமாக இருப்பது வேறு என்பதுதான் இந்த வேலையின் அரிச்சுவடி. அதே தொகுப்பில், தாக்கியவர்கள் எத்தனை பேர் என்று தெரியாத இடங்களில் ‘கழித்தல் 99’ என்று குறித்திருப்பார்கள். யோசிக்காமல் அந்த நெடுவரிசையைக் கூட்டினால் விடையில் மைனஸ் ஆட்கள் நிற்பார்கள்.

நீங்கள் சேரும் திட்டம் தமிழ்ச் செய்திகளைக் கையாளுவதாக இருந்தால், உங்களுக்கு வேறு சில தலைவலிகளும் காத்திருக்கின்றன. இப்படியொரு வேலையை நான் தொடங்கிய முதல் வாரத்தில், ‘தாக்’ என்று தொடங்கும் சொற்கள் உள்ள செய்திகளையெல்லாம் எடுக்கும்படி ஒரு வரி எழுதி ஓடவிட்டு, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் திரை நிரம்பி வழிகிறது. ஒவ்வொன்றாகத் திறந்தேன்: வேட்புமனு தாக்கல், மசோதா தாக்கல், ஜாமீன் மனு தாக்கல், வெயிலின் தாக்கம். உண்மையான தாக்குதல் இரண்டோ மூன்றோதான் இருந்தது. சரி, ‘குண்டு’ என்று தேடுவோம் என்றால் குண்டும் குழியுமான சாலை வரும். சொல்லின் முதல் சில எழுத்து ஒத்துப்போனால் போதும் என்று கொஞ்சம் தளர்த்திவிட்டால் குண்டூர் மிளகாய் வரும், குண்டர் சட்டக் கைதுகள் மொத்தமும் வந்து விழும். ‘வெடித்தது’ என்றால் சர்ச்சையும் வெடிக்கும், பருத்தியும் வெடிக்கும். ஆங்கிலச் செய்திகளுக்காக எழுதப்பட்ட கருவிகள் இந்த இடத்தில் கை கொடுப்பதில்லை. நாளிதழைத் தினமும் படிக்கும் பழக்கம் உங்களுக்கு இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் நினைப்பதைவிட அது பெரிய தகுதி.

எழுத்துரு இன்னொரு சங்கடம். ‘கொலை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறி முழுவதையும் ஒரே குறியாகச் சேர்த்தும் பதியலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரியைத் தொடக்கத்திலேயே எழுதாவிட்டால், உங்கள் தேடலில் பாதிக் கொலைகள் நடக்காமலே போய்விடும். யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்த காலத்துச் செய்திகளானால், முதலில் அவற்றை மாற்றி எடுப்பதே சில வார வேலை.

ஊர்ப் பெயரை வரைபடத்தில் குறிக்கும் வேலையும் உங்களிடம் வரும். நம் பகுதி இதற்கு நல்ல பயிற்சிக் களம். பாகூரிலிருந்து கடலூர் கூப்பிடு தூரம், ஆனால் நிர்வாகம் வேறு. புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. செய்தியில் ‘புதுச்சேரி மாநிலத்தில்’ என்று மட்டும் இருந்தால், நான்கின் அட்சரேகை தீர்க்கரேகையையும் கூட்டி நான்கால் வகுத்து நடுப்புள்ளி எடுக்கும் புத்திசாலி நிரல்கள் உண்டு. அந்தப் புள்ளி ஆற்காட்டுக்குப் பக்கத்தில் போய் விழும். சம்பந்தமே இல்லாத ஆற்காட்டுக்காரர்கள் ஆய்வறிக்கையில் வன்முறைக்குப் பெயர் எடுத்துவிடுவார்கள்.

இன்னும் ஒன்று. 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 58 பேர் உயிரிழந்தார்கள். அது ஒரு நிகழ்வா, பலவா? மேரிலாந்து தொகுப்பின் விதிப்படி, இடமும் நேரமும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே நிகழ்வு. இரண்டில் ஒன்று மாறினாலும் தனித்தனி நிகழ்வுகள். வேறொரு தொகுப்பு அந்த நாள் முழுவதையும் ஒன்றாகக் கொள்ளலாம். எது சரி என்று தீர்மானிப்பவர் பேராசிரியர். ஆனால் அவர் தீர்மானிக்காமல் விட்டுவிட்டால், இரட்டிப்புச் செய்திகளை நீக்குவதற்காக நீங்கள் எழுதும் நாலு வரி நிரல், யாரையும் கேட்காமல் தானே தீர்மானித்துவிடும். ஆகவே சேர்ந்த முதல் நாளே ‘நிகழ்வு என்று எதைச் சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். கேள்வி சிறுபிள்ளைத்தனமாகப் படலாம். பரவாயில்லை.

கேள்வி: நான் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகள் இப்படியொரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வீட்டுக் கணினியில் அந்த அமைப்புகளின் பெயர்களைத் தேடினால் நாளைக்குப் போலீஸ் வந்து வாசலில் நிற்காதா? பாஸ்போர்ட் விசாரணையில் சிக்கல் வராதா? வரன் பார்க்கும் இடத்தில் இந்த வேலையை என்னவென்று சொல்வது? படித்தவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை.
– ஒரு தந்தை, நெல்லிக்குப்பம்

பதில்: ஐயா, தங்கள் கவலையை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். பேராசிரியர்கள் கேட்க மறக்கும் கேள்வியைத் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

தடை செய்யப்பட்ட அமைப்புகளைக் குறித்த முதன்மையான சட்டம், 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அமைப்புகளை மட்டுமல்லாமல் தனி மனிதர்களையும் பயங்கரவாதிகள் என்று அறிவிக்க அதில் இடம் உண்டு. அது கடுமையான சட்டம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. நாளிதழில் வெளியான செய்தியைப் படித்து எண்ணுவதில் அச்சப்பட எதுவும் இல்லை. ஆனால் ஓர் அமைப்பின் பிரசாரக் காணொளியைத் தம் சொந்தக் கணினியில் இறக்கி வைத்திருப்பதையும், அதை இன்னொருவருக்கு அனுப்புவதையும் எந்த அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்று தாங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. எனவே மகளிடம் ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அந்த வேலை தொடர்பான எதையும் வீட்டுக் கணினியிலோ சொந்தக் கைப்பேசியிலோ வைத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழகம் தரும் கணினி, பல்கலைக்கழகம் தரும் கணக்கு, பல்கலைக்கழகத்தின் இணைய இணைப்பு ஆகியவை போதும். ‘இரவில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர்கள் சொன்னால், அதற்கான கணினியை அவர்களே தரட்டும்.

அடுத்தபடியாகக் காகிதம். பணி ஆணையில் திட்டத்தின் முழுப் பெயர், முதன்மை ஆய்வாளரின் பெயர், பணத்தை யார் தருகிறார்கள் என்பது, இவள் எந்த வகைத் தரவைக் கையாளுவாள் என்பது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மனிதர்களைப் பற்றிய தகவலைத் தொடும் எந்த ஆய்வுக்கும் அப்படியொரு குழுவின் ஒப்புதலைப் பெறுவதுதான் முறை. ‘அதெல்லாம் தேவையில்லை, நாம் இணையத்தில் எல்லாரும் பார்ப்பதைத்தானே எடுக்கிறோம்’ என்று சொல்லும் துறையில் என் வீட்டுப் பிள்ளையை நான் சேர்க்க மாட்டேன். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு அளிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தரவை வைத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட மனிதரைப் பற்றிய முடிவு எதையும் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அளிக்கிறது. அந்த நிபந்தனை தங்கள் மகளுக்கும் ஒரு கவசம். யாராவது வந்து ‘இந்தப் பெயர்களை மட்டும் தனியாக எடுத்துக் கொடு’ என்று கேட்டால், முடியாது என்று சொல்ல அவளுக்கு அது காரணமாக அமையும்.

வரன் பார்க்கும் இடத்தில் ‘பல்கலைக்கழகத்தில் தரவுப் பிரிவில் வேலை’ என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, விளக்கமும் தேவைப்படாது.

கேள்வி: தீவிரவாதம், பயங்கரவாதம், வன்முறை என்று நாளிதழ்கள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. ஆய்வில் இவை ஒன்றா? எங்கள் பகுதியில் முன்விரோதத்தில் நாட்டு வெடிகுண்டு வீசினார்கள் என்று செய்தி வந்தால், அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தீவிரவாதம் என்பது கருத்தின் எல்லையைக் குறிக்கிறது, பயங்கரவாதம் என்பது செயலைக் குறிக்கிறது. தீவிரமான கருத்து உடைய பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை. ஆய்வுத் தலைப்பில் ‘தீவிரவாத வன்முறை’ என்று இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதுவதற்கு இதுவே காரணம்.

நாட்டு வெடிகுண்டு விஷயத்துக்கு வருகிறேன். மேரிலாந்து தொகுப்பில் ஒரு செயல் இடம்பெற வேண்டுமானால், அது வேண்டுமென்றே செய்யப்பட்டதாகவும், வன்முறையாகவோ வன்முறை மிரட்டலாகவோ அமைந்ததாகவும், அரசு அல்லாதவர்கள் செய்ததாகவும் இருக்க வேண்டும். அதற்கு மேல் மூன்று நிபந்தனைகளில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: அரசியல், பொருளாதாரம், மதம் அல்லது சமூகம் சார்ந்த ஒரு நோக்கம், நேரடியாகப் பாதிக்கப்பட்டவரைத் தாண்டி ஒரு பெரிய கூட்டத்தை மிரட்டும் எண்ணம், போர் விதிகளுக்கு வெளியே நடந்திருப்பது. இரண்டு ரவுடிக் கும்பல்களுக்கு இடையிலான பழிக்குப் பழியில் முதல் இரண்டு நிபந்தனைகளும் நிற்காது. ஆனால் இறந்தவர் ஒரு கட்சியின் கிளைப் பொறுப்பாளராகவும் இருந்துவிட்டால்? நாளிதழ் ‘முன்விரோதம்’ என்று எழுதும், கட்சி ‘அரசியல் படுகொலை’ என்று எழுதும். இந்த இடத்தில் கணினியை நம்புவதில்லை. ஒரே செய்தியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் குறிக்கச் சொல்வார்கள்.

அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிடும் நிரலை நீங்கள் எழுத வேண்டியிருக்கும். 100 செய்தியில் 90-இல் இருவரும் ஒரே விடை சொல்லியிருந்தால் பிரமாதம் என்று தோன்றும். ஆனால் இருவருமே நூற்றுக்கு 90 செய்திகளுக்கு ‘இல்லை’ என்றுதான் குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 82-இல் ஒத்துப்போய்விடும். அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கும் கோஹனின் கப்பா என்ற அளவீடு இங்கே வெறும் 0.44 (முழுவதும் ஒத்துப்போனால் 1). இந்த எண்ணைக் கண்டதும் பேராசிரியர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். விதியைத் திருத்தி எழுத வேண்டியவர் அவர்தான்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில் பழைய செய்திகளை எண்ணிக்கொண்டிருப்பதில் என்ன பயன்? சமூக வலைத்தளப் பதிவுகளை வைத்து, யார் வன்முறையில் இறங்குவார் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருளை என்னால் எழுத முடியும் என்று நினைக்கிறேன். அதை எந்தத் துறையிடம் கொண்டுபோகலாம்?
– ஒரு மாணவர், லாஸ்பேட்டை

பதில்: தம்பி, கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு கணக்கு. ஒரு லட்சம் பேரை உன் மென்பொருள் பார்க்கிறது என்று வைத்துக்கொள். அவர்களில் உண்மையில் வன்முறையில் இறங்கக் கூடியவர்கள் 10 பேர். உன் மென்பொருள் நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லக் கூடியது. அப்படி ஒன்றை இதுவரை யாரும் செய்துவிடவில்லை, இருந்தாலும் வைத்துக்கொள்வோம். அந்த 10 பேரையும் அது பிடித்துவிடும். மீதமுள்ள 99,990 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஏறக்குறைய ஆயிரம் பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, பட்டியலில் உள்ள நூறு பேரில் ஒருவர் மட்டுமே அது தேடியவர். மற்றவர்கள் கோபத்தில் எதையோ எழுதிவிட்டுத் தூங்கப் போனவர்கள். அவர்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டால், அதுவரை இல்லாத வெறுப்பு அங்கே முளைக்கும். வன்முறையைக் குறைக்க வந்த மென்பொருள் அதற்கு உரம் போட்டதாக ஆகும்.

இந்தக் கணக்கில் மூளையைச் செலவழிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டவன் அதை நேரலையில் ஒளிபரப்பினான். அடுத்த 24 மணி நேரத்தில் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாகவும், அவற்றில் 12 லட்சத்துக்கு மேற்பட்டவை ஏற்றப்படும்போதே தடுக்கப்பட்டதாகவும் ஃபேஸ்புக் அறிவித்தது. மீதியை ஏன் தடுக்க முடியவில்லை? ஓரத்தை வெட்டியும், நிறத்தை மாற்றியும், தொலைக்காட்சித் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்தும் ஏற்றினார்கள். அப்படிச் சிதைக்கப்பட்ட ஒன்றையும் ‘இது அதுதான்’ என்று அடையாளம் காணும் கைரேகை முறையில் இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அங்கே நிரல் தேடுவது ஒரு கோப்பை, மனிதரை அல்ல. தவறு நேர்ந்தால் ஒரு கல்யாணக் காணொளி கொஞ்ச நேரம் தடைபடும், அவ்வளவுதான்.

கேள்வி: ஓராண்டாக இத்தகைய திட்டம் ஒன்றில் பகுதி நேரமாக இருக்கிறேன். நிரல் சரியாக வகைப்படுத்துகிறதா என்று பார்க்க, தினமும் படங்களையும் காணொளிகளையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இரவில் தூக்கம் வருவதில்லை. வெளியே சொன்னால் பலவீனம் என்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
– பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்

பதில்: பலவீனம் இல்லை. இரவு பகலாக இதைப் பார்க்கும் எவருக்கும் வரக் கூடியது இது. பிணவறையில் வேலை செய்கிறவர்களுக்குக்கூடப் பணிக்கு நடுவே ஓய்வு உண்டு. நாளையே முதன்மை ஆய்வாளரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கூடவே தீர்வையும் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் நீங்கள் புரோகிராமர். படம் திறக்கும்போது கறுப்பு வெள்ளையாகவும், மங்கலாகவும், சிறிய அளவிலும் திறக்க வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் தெளிவாக்கும் பொத்தான் இருக்க வேண்டும். காணொளி ஒலியில்லாமல் தொடங்க வேண்டும். ஏற்கெனவே பார்த்த பிரதி மறுபடி கண்ணில் படக் கூடாது. இவ்வளவும் அரை நாள் வேலை. அதோடு, மாலை நான்கு மணிக்கு மேல் அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மை நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். திட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுக்க மறுத்தால் விலகிவிடுங்கள். பகுதி நேர வேலை அது; வாழ்க்கை முழு நேரம்.

கேள்வி: நாற்பது ஆண்டு ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். எண்ணிக்கொண்டே இருந்தால் வன்முறை குறைந்துவிடுமா? இதனால் எங்கேயாவது ஏதாவது மாறியிருக்கிறதா?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: எண்ணுவதால் குறையாது, ஐயா. எண்ணாவிட்டால் எதனால் குறைந்தது என்று தெரியாது.

அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 1968-க்கும் 2006-க்கும் இடையில் இயங்கிய 648 குழுக்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் முடிவுக்கு வந்தவை எப்படி முடிந்தன என்று பார்த்தது. நூற்றுக்கு 43 அரசியல் வழிக்குத் திரும்பியதால் முடிந்தன. 40 காவல் மற்றும் உளவுத் துறையின் பணியால் முடிந்தன. 10 தாம் நினைத்ததைச் சாதித்து முடிந்தன. இராணுவ நடவடிக்கையால் முடிந்தவை 7 மட்டுமே. டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டால் பெரும்பாலோர் சொல்லும் விடை கடைசியாக வந்திருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது வட அயர்லாந்தைப் பற்றிய ஆய்வு. 1969 முதல் 1992 வரை பிரிட்டன் அரசு எடுத்த 6 பெரிய நடவடிக்கைகளை, தாக்குதல் நடந்த தேதிகளோடு சேர்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அடுத்த தாக்குதல் வரும் இடைவெளி நீண்டதா சுருங்கியதா என்று பார்த்தார்கள். 1972 ஜூலையில் நடந்த ஆபரேஷன் மோட்டார்மேன் என்ற ஒன்றின் பிறகு மட்டுமே தாக்குதல் குறைந்ததற்குச் சான்று கிடைத்தது. வேறு சிலவற்றின் பிறகு தாக்குதல் கூடியிருந்தது. நினைத்துப் பாருங்கள்: இங்கே முழுக் கணக்கும் தேதியை நம்பி நிற்கிறது. தாக்குதல் நடந்த நாளைப் போடுவதற்குப் பதிலாகச் செய்தி அச்சான நாளை ஒரு நிரல் போட்டிருந்தால், நடவடிக்கைக்கு முன்பு நடந்த தாக்குதல் அதற்குப் பின்பு நடந்ததாகிவிடும். நம் நாட்டில் அதிகாலை இரண்டு மணிக்கு நடந்ததை உலகப் பொது நேரத்தில் சேமித்தால், ஐந்தரை மணி நேரம் பின்னே போய் முந்தைய நாளாகிவிடும். ஒரு நாள் பிழை ஒரு முடிவையே புரட்டிவிடக் கூடும்.

தங்களிடம் மறைக்க விரும்பாத ஒன்றும் உண்டு. மேரிலாந்து தொகுப்பில் 2012 முதல் செய்தி திரட்டும் முறையை மாற்றி, தானியங்கி வழிகளைக் கூட்டினார்கள். அதற்குப் பிந்தைய உயர்வில் ஒரு பகுதி உலகில் வன்முறை கூடியதால் வந்தது. ஒரு பகுதி வலை அகலமானதால் வந்தது. முறை மாறியதைத் தொகுப்பாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். எச்சரிக்கையைப் படிக்காதவர்கள் வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறிவிடுகிறார்கள்.

கேள்வி: சம்பளம் ஒழுங்காகத் தருவார்களா? கடலூரிலிருந்து தினமும் போய்வர வேண்டியிருக்குமா?
– ஒரு வாசகர், செம்மண்டலம்

பதில்: ஒழுங்காகத் தருவார்கள், ஆனால் மாதந்தோறும் அல்ல. திட்ட நிதி தவணைகளாக வரும்; முந்தைய தவணை எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்தது நிற்கும். மூன்று மாதம் கழித்து மொத்தமாக வரும் தொகுப்பூதியத்தை நம்பி மாதத் தவணை எதுவும் எடுத்துவிடாதீர்கள். போக்குவரத்தைப் பொறுத்தவரை, கடலூரிலிருந்து புதுச்சேரி வரை எளிது. அங்கே பேருந்து மாறிக் காலாப்பட்டு போன்ற வடகோடிக்குப் போக வேண்டுமென்றால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் கரையும். வாரத்தில் இரண்டு நாள் நேரில் வந்தால் போதுமா என்று பேசிப் பாருங்கள்.

கேள்வி: மஞ்சக்குப்பம் வாசகிதான் மறுபடி எழுதுகிறேன். நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். ‘செய்முறைச் சோதனை உண்டு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?

பதில்: பெரும்பாலும் ஐம்பது அறுபது வரிகள் உள்ள ஒரு கந்தலான எக்செல் கோப்பைக் கொடுத்து, சுத்தம் செய்யச் சொல்வார்கள். கொடுத்த உடனே விசைப்பலகையில் கை வைக்காதீர்கள். அத்தனை வரிகளையும் முதலில் கண்ணால் படியுங்கள். நான் யாரையாவது தேர்வு செய்ய வேண்டியிருந்தால், அந்தக் கோப்பில் 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளைக் கட்டாயம் வைப்பேன். முதலில் 359 பேர் இறந்ததாகச் சொன்ன இலங்கை அரசு, சிதைந்த உடல்களை எண்ணியதில் பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்லி, சில நாளிலேயே அதை ஏறக்குறைய 253 என்று திருத்தியது. பெரும்பாலானவர்கள் 359-ஐ அழித்துவிட்டு 253 என்று எழுதுவார்கள். சிலர் இரண்டையும் வெவ்வேறு நிகழ்வுகளாக்கிக் கூட்டிவிடுவார்கள். நீங்கள் இரண்டு எண்களையும் வைத்து, எந்தத் தேதியில் யார் சொன்னது என்று பக்கத்தில் இரண்டு நெடுவரிசைகள் சேர்த்து, கணக்குக்கு எதை எடுக்க வேண்டும் என்பதைத் தனியாகக் குறித்துவிட்டு நிமிருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அடுத்த கேள்வியைப் பைத்தானைப் பற்றிக் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன்.